6. பிளக்கில் பொறி இல்லையென்றால்

எஞ்சின் கிளம்பவில்லை என்றதும் கரையில் நிற்பவர்கள் முதலில் சொல்வது, "சிடிஐ போயிருக்கும்." சிடிஐ பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது, உள்ளே பசை ஊற்றி மூடியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாததன் மேல் பழி போடுவது எளிது. மெக்கானிக்குக்கும் அது வசதிதான். பெட்டியை மாற்றும்போது கனெக்டர்களைக் கழற்றி மாட்டுகிறார், களிம்பு பிடித்த முனைகள் உரசிக்கொண்டு சுத்தமாகின்றன, எஞ்சின் கிளம்பிவிடுகிறது. பல ஆயிரம் ரூபாய் புதுப் பெட்டிக்குப் போய்விடும். பழைய பெட்டியையே திரும்ப மாட்டி இழுத்திருந்தாலும் அது கிளம்பியிருக்கும். ஆனால் யாரும் மாட்டிப் பார்ப்பதில்லை.

அந்தச் செலவைத் தடுப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. விலையில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும், விலை கூடிய பாகத்தைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் போனால், பெரும்பாலான மின்கோளாறுகள் ஸ்டாப் வயரிலோ எர்த்திலோ கனெக்டரிலோ பிளக்கிலோ பிடிபட்டுவிடும்.

இங்கே பேசுவது கன்னியாகுமரி, ராமநாதபுரம் கரைகளிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமும் ஃபைபர் படகுகளில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்களைப் பற்றி. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களும் இதில் அடக்கம். ஃபோர்-ஸ்ட்ரோக், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளுக்கு கம்பெனியின் சோதனைக் கருவி வேண்டும். ஆனால் அவற்றுக்கும் கனெக்டர், எர்த், பேட்டரி பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

பொறி எப்படிப் பிறக்கிறது

கயிறு இழுக்கும்போது மேலே சுற்றுகிற கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். நம் மெக்கானிக்குகள் அதை மேக்னெட் என்பார்கள். பெயர் சரிதான், அதன் உள்விளிம்பில் காந்தங்கள் பதித்திருக்கும். அதற்கு அடியில் அசையாமல் இருக்கும் காயில்களைத் தாண்டிக் காந்தம் ஓடும்போது மின்சாரம் பிறக்கிறது. சார்ஜ் காயில் தரும் மின்சாரம் 100 வோல்ட்டைத் தாண்டும். அது சிடிஐ பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சேர்ந்து நிற்கும். பல்சர் காயில் என்ற சின்னக் காயில், பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும் நேரத்தில் ஒரு சமிக்ஞை அனுப்பும். உடனே கெப்பாசிட்டர் தன்னிடம் இருப்பதை ஒரே மூச்சில் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டும். அங்கே அது பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகிப் பிளக் நுனியில் பொறியாகத் தாவும்.

இந்த வழியில் பேட்டரி எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வகை எஞ்சின் பெரும்பாலும் தனக்கு வேண்டிய பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள எஞ்சினில் பேட்டரி செத்தாலும் கயிறு போட்டு இழுத்தால் கிளம்ப வேண்டும். கயிறு போட்டும் கிளம்பவில்லையென்றால் பேட்டரியை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

முதலில் இது மின்கோளாறுதானா?

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் எப்படி நின்றது என்று கேளுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் சந்தேகம் மின்சாரத்தின் மேல். இருமி, சக்தி குறைந்து, தள்ளாடி நின்றால் சந்தேகம் எண்ணெயின் மேல். எப்போதும் இப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் தேடலை எந்தப் பக்கம் தொடங்குவது என்று இது சொல்லிவிடும்.

எண்ணெய் டேங்கின் மூடியில் இருக்கும் காற்றுத் திருகை மூடியே வைத்துவிட்டுப் புறப்பட்டால் எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். சற்று நேரம் விட்டு இழுத்தால் கிளம்பும், மறுபடி நிற்கும். சூடானதும் வெட்டுகிற சார்ஜ் காயிலும் இதே விளையாட்டைக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய, எஞ்சின் தளரும்போது கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். எஞ்சின் உயிர் பெற்றால் கோளாறு எண்ணெய் வழியில். டேங்க் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் இனி மல்டிமீட்டரைத் தேட வேண்டாம்.

மண்ணெண்ணெய் எஞ்சின்களில் இன்னொன்று. கரைக்கு வருமுன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்த வேண்டும். அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்புரேட்டர் முழுக்க அது நிற்கும். மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. இழுக்க இழுக்கப் பிளக் நனையும். பிளக்கைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாசம் அடித்து ஈரமாக இருந்தால், கார்புரேட்டரை வடித்து, பிளக்கைத் துடைத்து உலர்த்தி, பெட்ரோலில் இழுங்கள்.

பொறியைச் சோதிப்பது

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, எஞ்சின் உடலில் சாய்த்து வைத்துக் கயிறு இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. இதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, திறந்த காற்றில் சிறு இடைவெளியைத் தாண்டுவது பொறிக்குச் சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் காற்றைத் தாண்ட அதைவிட அதிக வோல்ட் வேண்டும். வெளியே பொறி விடுகிற எஞ்சின் உள்ளே விடாமல் போவது இதனால்தான். இரண்டு, பிளக் கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதன் வாயருகே பொறி விட்டால் தீ பிடிக்கும்.

இதற்கென்று ஸ்பார்க் டெஸ்டர் விற்கிறார்கள், விலை அதிகமில்லை. யமஹா சர்வீஸ் புத்தகங்கள் சொல்லும் இடைவெளி 9 மில்லிமீட்டர். டெஸ்டரின் ஒரு முனையைப் பிளக் கேப்பிலும், கிளிப்பைப் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் மாட்டுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து எட்டி வையுங்கள். ஓட்டையைத் துணியால் அடையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்டாப் சுவிட்சின் கிளிப் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இது மறந்துபோய் அரைநாள் தேடியவர்கள் உண்டு. பிறகு தயங்காமல் வேகமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் நல்ல எஞ்சினிலும் பொறி வராது.

9 மில்லிமீட்டரை "டக், டக்" என்ற சத்தத்தோடு நீலமாகத் தாண்டினால் பொறி நன்றாக இருக்கிறது. மெல்லிய மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நூல்போல் வந்தால் பலவீனம். வெயிலில் நிறம் தெரியாது. கையால் நிழல் பிடிக்க வேண்டாம், மேலே ஒரு சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கையால் வயரைப் பிடிக்கவே கூடாது. நனைந்த படகில் வெறுங்காலோடு நின்று சிடிஐ மின்சாரம் வாங்கினால் கை உதறுவதோடு முடியாது. இதய நோய் உள்ளவர்கள் இந்த வேலைக்குக் கிட்டேயே வர வேண்டாம்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சில மாடல்களுக்கு ஒரே இக்னிஷன் காயிலிலிருந்து இரண்டு பிளக் வயரும் புறப்படும். அங்கே மின்சாரம் ஒரு பிளக் வழியாகப் போய் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. ஒன்றை எர்த்தில் வைத்து, மற்றதைக் காற்றில் தொங்கவிட்டுச் சோதித்தால் இரண்டிலும் பொறி இல்லை என்ற பொய்யான முடிவு வரும். எந்த எஞ்சினானாலும் இரண்டையும் எர்த்தில் இணைத்தே சோதியுங்கள். சிடிஐக்கும் அதுதான் நல்லது. அதே காரணத்துக்காக, எந்தச் சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்க்க ஓடும் எஞ்சினில் பிளக் கேப்பைப் பிடுங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பொறி போக வழியில்லாமல் காயிலையும் பெட்டியையும் உள்ளேயே துளைக்கும். வயரில் கவ்வும் டைமிங் லைட் இருந்தால் அது மின்னுவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இல்லையென்றால் கொஞ்சம் ஓட்டி நிறுத்திவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். நனைந்து கிடப்பது செத்த சிலிண்டருடையது.

ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்றால், அந்தப் பிளக், அதன் கேப், வயர், தனிக் காயில் இருந்தால் அந்தக் காயில் என்று தேடும் இடம் சுருங்கிவிடும். இரண்டிலும் இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான பாகத்தில்தான் கோளாறு. பொதுவானவற்றில் முதல் குற்றவாளி ஸ்டாப் வயர்.

வெள்ளை வயர்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

வீட்டு விளக்கில் சுவிட்ச் சேர்ந்தால் எரியும், பிரிந்தால் அணையும். சிடிஐ எஞ்சினின் ஸ்டாப் சுவிட்ச் இதற்கு நேர் எதிர். சிடிஐயிலிருந்து வரும் ஸ்டாப் வயர் எர்த்தைத் தொட்டால் பொறி நின்றுவிடும். தொடாமல் இருக்கும்வரை எஞ்சின் ஓடும். யமஹாவில் ஸ்டாப் வயர் வெள்ளை, எர்த் கறுப்பு. மற்றக் கம்பெனிகள் வேறு நிறம் வைத்திருப்பார்கள். உங்கள் எஞ்சினின் வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் பொத்தான், கையில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப், சாவி உள்ள எஞ்சினில் சாவி சுவிட்ச் என்று எல்லாமே இந்த வெள்ளையைக் கறுப்போடு சேர்ப்பவைதாம்.

ஆக, எஞ்சினை நிறுத்த ஒரு பொத்தான் வேண்டியதில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே மின்சாரம் கசிய ஒரு வழி கிடைத்தால் போதும். உப்புநீர் அந்த வழியை அருமையாகப் போட்டுத் தரும். டில்லர் கைப்பிடியில் இருக்கும் சுவிட்ச் அலை அடிக்கும் இடத்திலேயே இருக்கிறது. ரப்பர் உறை வெடித்த சுவிட்சுக்குள் புகுந்த கடல்நீர் காய்ந்து உப்பாக நிற்கும். காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. ஆனால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். விடியற்காலைப் பனியில் அது நசநசத்து வழிவிடும். ஒன்பது மணி வெயிலில் காய்ந்து வழியை மூடிக்கொள்ளும். "காலையில கிளம்ப மாட்டேங்குது, மெக்கானிக் வந்தா ஒரே இழுப்புல கிளம்புது" என்று புலம்புகிறவரின் எஞ்சினில் முதலில் கழற்ற வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான்.

சோதனை இது. மேல்மூடியைக் கழற்றி, சிடிஐ பெட்டியிலிருந்து வரும் வெள்ளை வயர் சுவிட்ச் பக்கத்து வயரோடு சேரும் இணைப்பைத் தேடுங்கள். அதைப் பிரியுங்கள். பெட்டிப் பக்கத்து முனை எதையும் தொடாதபடி டேப் சுற்றுங்கள். இப்போது டெஸ்டரை மாட்டி இழுங்கள். பொறி வந்தால் பெட்டி, காயில் எல்லாம் நலம். குற்றம் சுவிட்ச் பக்கம். விலை குறைந்த ஒரு சுவிட்சோ உறை கிழிந்த ஒரு வயரோதான் பிரச்சினை. பொறி வரவில்லையென்றால் இணைப்பை மறுபடி சேர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பிரித்த நிலையில், சுவிட்ச் பக்கத்து வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஓம் அளவில் வையுங்கள். கிளிப் தன் இடத்தில் இருக்கும்போது மீட்டர் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தினாலோ கிளிப்பை உருவினாலோ பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். கிளிப் மாட்டியிருக்கும்போதே சில ஆயிரம் ஓம் என்று ஏதாவது ஒரு எண் ஆடிக்கொண்டிருந்தால் அதுதான் உப்புக் கசிவு. வயரை டில்லரின் மடிப்புப் பக்கம் வளைத்து நெளித்தபடி மீட்டரைக் கவனியுங்கள். சுக்கானைத் திருப்பும்போது மட்டும் எஞ்சின் வெட்டுகிறதென்றால் உறை தேய்ந்த வயர் அந்த மடிப்பில்தான் இரும்பைத் தொடுகிறது.

ஒரு எச்சரிக்கை. வெள்ளை வயரைப் பிரித்து எஞ்சினைக் கிளப்பினால் அதை நிறுத்தப் பொத்தான் கிடையாது. சோக்கை முழுதாக இழுத்து நிறுத்தலாம், எண்ணெய்க் குழாயைக் கழற்றியும் நிறுத்தலாம். எப்படி என்று கிளப்புமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். கரைக்கு வந்து சேர ஒருமுறை அப்படி ஓட்டலாம், அதோடு சரி. கிளம்புகிறதே என்று அந்த வயரை வெட்டி டேப் சுற்றி மாதக்கணக்கில் ஓட்டும் படகுகள் எல்லாக் கரையிலும் இருக்கின்றன. சிவப்புக் கயிற்றுக்குப் பதில் கிளிப் இடத்தில் ஒரு நைலான் துண்டைக் கட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு சுக்கான் திரும்பிய பக்கமாக வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே புரொப்பெல்லரோடு திரும்பி வரும். சுவிட்ச் விலையை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

எர்த்தும் கனெக்டரும்

சிடிஐ பெட்டியிலிருந்து வரும் கறுப்பு வயர் எஞ்சின் உடலில் ஒரு போல்ட்டில் முடியும். அந்தப் போல்ட் இறுக்கமாக இருப்பது மட்டும் போதாது. அலுமினியத்துக்கும் வயர் வளையத்துக்கும் நடுவே வெள்ளைப் பொடியாகத் துரு உட்கார்ந்திருக்கும். கழற்றி, வளையத்தின் இரு முகத்தையும் போல்ட் உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் கடைசியில்தான், உலோகம் உலோகத்தை முதலில் தொட வேண்டும்.

கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலரவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷால் தேயுங்கள். சில முனைகள் சுத்தமாகவே இருக்கும், ஆனால் பிடிப்பு விட்டுப் பின்னால் நழுவியிருக்கும். மாட்டும்போது எதிர் முனையைத் தொடாது. ஒவ்வொரு வயரையும் லேசாகப் பின்னால் இழுத்துப் பார்த்தால் நழுவியது கையோடு வந்துவிடும்.

வெளியே நன்றாகத் தெரியும் வயர் உள்ளே கறுத்துப் போயிருப்பதும் சகஜம். கம்பெனி வயரில் பல செப்பு நூல்களுக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். நாம் இடையில் ஒட்டுப்போடுவது வீட்டு வயரிங் கடையில் வாங்கிய வெறும் செம்பு. உப்புக்காற்று அதன் உறைக்குள் நூல் பிடித்து ஊர்ந்து, கைநீளத்துக்குக் கறுக்கச் செய்யும். ஒட்டு எரிந்தால் அதற்குச் சற்றுத் தள்ளி வெட்டிப் பாருங்கள். சிவப்பாகச் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் ஒட்டு கடலில் ஒரு பருவம்கூடத் தாங்காது. கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வெறும் ஈயப்பற்று மட்டும் வைத்தால் எஞ்சின் அதிர்வில் பற்று முடியும் இடத்தில் வயர் ஒடியும்.

பிளக் பக்கம்

பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி சொன்ன எண்ணையே போடுங்கள். என்ஜிகே பிளக்கில் பி7எச்எஸ்-10 என்று இருந்தால் 7 என்பது வெப்ப எண். எண் கூடினால் பிளக் சீக்கிரம் வெப்பத்தைக் கடத்திக் குளிர்ந்தே இருக்கும். கடைசி 10 என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளி. கரி பிடிக்கிறதென்று நாமாகவே வெப்ப எண்ணைக் குறைத்துப் போட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம்.

பலரும் பார்க்காதது கேப். திருகிக் கழற்றும் வகையென்றால் கழற்றி, வயரின் முனையைப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். ரெசிஸ்டர் வைத்த கேப் சுமார் 5,000 ஓம் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் கேப் செத்தது. இரவில் மூடி இல்லாமல் ஓட்டிப் பார்த்தால், வெடித்த கேப்பிலிருந்தோ வயரிலிருந்தோ நீலப்பொறி எஞ்சின் உடலுக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும்.

காயில்களும், கடைசியாகப் பெட்டியும்

இவ்வளவும் பார்த்த பிறகும் பொறி இல்லையென்றால்தான் மீட்டரைக் காயில்களுக்குக் கொண்டுபோக வேண்டும். சார்ஜ் காயில், பல்சர் காயில் இரண்டின் ஓம் அளவும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்த படகுக்காரர் சொன்ன எண்ணோடு அல்ல. இக்னிஷன் காயிலில் மட்டும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். பிரைமரி பக்கம் ஒரு ஓமுக்கும் கீழே வரும், பிளக் பக்கம் ஆயிரக்கணக்கில் வரும்.

ஓம் சரியாக இருந்தால் காயில் சரி என்று ஆகிவிடாது. காயிலின் உள்சுற்றில் ஒரு விரிசல் இருந்தால் குளிர்ந்திருக்கும்போது சேர்ந்திருக்கும், எஞ்சின் சூடேறியதும் விரிந்து பிரியும். அரை மணி ஓடி, பட்டென்று நின்று, ஆறியதும் கிளம்பும் எஞ்சினில் நின்ற அந்த நிமிடமே அளக்க வேண்டும். ஆறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். கரையில் என்றால் முடி உலர்த்தும் கருவியால் காயிலைச் சூடாக்கியபடியே மீட்டரைப் பார்க்கலாம்.

இன்னும் உறுதியான வழி, இழுக்கும்போது காயில் உண்மையில் எத்தனை வோல்ட் தருகிறது என்று பார்ப்பது. இது நொடியில் தோன்றி மறையும் மின்சாரம் என்பதால் சாதா மீட்டர் சரியாகக் காட்டாது. பீக் வோல்டேஜ் அடாப்டர் வேண்டும். நல்ல வொர்க்‌ஷாப்பில் இது இருக்கும். உங்கள் மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. சார்ஜ் காயிலும் பல்சரும் சொன்ன வோல்ட்டைத் தந்து, ஸ்டாப் வயர் பிரிந்திருந்து, எர்த் சுத்தமாக இருந்து, பெட்டியிலிருந்து மட்டும் ஒன்றும் வெளியே வரவில்லையென்றால், அப்போது சொல்லலாம் சிடிஐ போச்சு என்று. அடாப்டர் இல்லாத இடத்தில் அதே மாடல் எஞ்சின் வைத்திருப்பவரிடம் பெட்டியைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். எஞ்சின் கிளம்பினால் உடனே பழைய பெட்டியைத் திரும்ப மாட்டி ஒருமுறை இழுங்கள். அப்போதும் கிளம்பினால் குற்றம் கனெக்டரில்.

காயிலை மாற்ற மேக்னெட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் புல்லர் உண்டு. சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தம் உடையும், கிராங்க் முனை வாய் பிதுங்கும். கழற்றியதும் உள்ளே இருக்கும் பிறைச் சாவியைப் பாருங்கள். அது கொஞ்சம் நறுக்குப்பட்டிருந்தாலும் மேக்னெட் இடம் மாறிவிடும். பொறி நீலமாக அருமையாக வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும். எஞ்சின் கயிற்றைத் திருப்பி உதைப்பதும் கார்புரேட்டர் வழியாக வெடிப்பதும் இதன் அடையாளம்.

பொறி நன்றாக இருந்தும் எஞ்சின் வேகம் ஏறாமல் 2,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறதென்றால், பஸ்ஸர் அடிக்கிறதா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் சூடு அதிகமானாலோ ஆயில் குறைந்தாலோ சிடிஐயே வேகத்தைக் கட்டிப்போடும். குளிர்நீர் வெளியேறும் துளையில் தண்ணீர் வராத எஞ்சினுக்குக் காயில் மாற்றிப் பயனில்லை.

செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பியதும் வரும் சத்தத்தைக் கேளுங்கள். "டகடகடக" என்று வேகமாக அடித்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு "டக்" வந்து நின்றால் கனத்த கேபிளோ ரிலேயோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச், சாவி சுவிட்ச் என்ற வரிசை. கியர் லீவரை ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி திருப்புங்கள். கேபிள் தளர்ந்த படகுகளில் இதுவே போதும்.

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி, 12.0க்கும் கீழே என்றால் காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. விழாமல் இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த கேபிளோ அதன் இரு முனைகளோ கரண்டைத் தின்கின்றன. இந்தச் சோதனையை அறிந்த பிறகு நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட மாட்டீர்கள்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் செப்புக்கம்பி முறுக்குவதும் ஃபைபர் படகில், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் செய்கிற வேலையில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றவே கூடாது. ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும். பிளஸ், மைனஸ் மாற்றி ஒரு கணம் தொட்டாலும் அதே கதிதான். சிறிய எஞ்சின்களில் லைட்டிங் காயில் தருவது ஏசி. வேகம் கூடினால் வோல்ட்டும் கூடும். எல்ஈடி விளக்கையும் ஜிபிஎஸ்ஸையும் அதில் நேராக மாட்டியவர்கள் அவை எரிந்துபோவதைப் பார்த்திருப்பார்கள். இடையில் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரும் பேட்டரியும் இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள்.

கடலில் மூழ்கி எடுத்த எஞ்சின்

கரையலையில் படகு கவிழ்ந்து எஞ்சின் மூழ்கினால், வெளியே எடுத்தபின் கழிகிற நேரத்தில்தான் துரு வேலை செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். கையால் சுற்றும்போது இடறினால் பலவந்தமாக இழுக்காதீர்கள். உடனே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டை கீழ்நோக்க வைத்துச் சுற்றித் தண்ணீரை வடியுங்கள். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் ஆயில் விடுங்கள். கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இருந்தால் கழற்றித் திறந்து உலர்த்த வேண்டும். அன்றே கிளப்பி அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார் என்றால் கழுவிய எஞ்சினை வெயிலில் வைப்பதைவிட நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே மூழ்கியபடி விடுவது நல்லது. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் துரு.

நடுக்கடலில்

எஞ்சின் நின்றதும் மூடியைக் கழற்றப் போகாதீர்கள். முதலில் நங்கூரத்தை இறக்குங்கள். நங்கூரக் கயிறு ஆழத்துக்கு எட்டாவிட்டால் வலையையோ வாளியையோ கயிற்றில் விட்டுப் படகின் முகத்தை அலைக்கு நேராக நிறுத்துங்கள். பிறகு சிவப்புக் கயிற்றின் கிளிப், டேங்க் காற்றுத் திருகு, பிளக் என்று வரிசையாகப் பாருங்கள். படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: மாற்றுப் பிளக்குகள், பிளக் ஸ்பானர், ஸ்பார்க் டெஸ்டர், ஃபியூஸ்கள், மாற்று ஸ்டாப் கிளிப், டேப், சிறு டார்ச், அவசரக் கயிறு. எல்லாவற்றையும் மூடி இறுகும் டப்பாவில், துணியில் சுற்றி வையுங்கள்.

ஸ்டாப் வயரைப் பிரித்தும் பிளக்கை மாற்றியும் பொறி வரவில்லையென்றால் கடலில் செய்யக்கூடியது முடிந்தது. ஆடும் படகில் மேக்னெட்டைக் கழற்ற முயலாதீர்கள். பொழுது இருக்கும்போதே உதவி கேளுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16. இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. இரண்டு எண்களையும் டப்பா மூடியின் உள்பக்கம் பெயிண்டால் எழுதி வையுங்கள்.